பியூட்டனாலின் குளிர்

சோப்புக் கரைசலை நுரைக்காமல் கலக்குவதற்குக் கை பழக வேண்டும். அவசரப்பட்டால் பொங்கிவிடும், தயங்கினால் சூடு ஒரு பக்கமாகத் தேங்கிவிடும். அவள் மணிக்கட்டுக்கு அது வந்து சேர ஐந்து வருடங்கள் ஆகியிருந்தன. குடுவைக்குள் இருந்த மெல்லிய கண்ணாடிக் குமிழைக் கம்பியால் அழுத்தி உடைத்தாள். வெப்பமானிக்கு முன்னிருந்த உருப்பெருக்கியில் கண்ணை வைத்தாள். குமிழில் அடைக்கும் பியூட்டனால் என்ற ஆல்கஹால் வெறும் தண்ணீரில் கரைந்தால் சூடு கிளம்பும். சோப்புக் கரைசலில் குளிர்கிறது என்பது அவள் கண்டது. அங்கேயும் சூடுதான் என்பது அவள் ஆய்வு வழிகாட்டியான சார் இளம் வயதில் எழுதிப் பேர் வாங்கியது. இன்று தன் கண் முன்னால் செய்து காட்டாவிட்டால் ஆய்வேட்டில் கையெழுத்து கிடையாது என்று சொல்லிவிட்டார்.

“எறங்குது சார். ரெண்டு கோடு.”

“நல்லாப் பாத்துச் சொல்லும்மா.”

“ரெண்டரைகூட இருக்கும் சார்.”

சார் சட்டைப்பையிலிருந்து இன்னொரு குமிழை எடுத்து மேசைமேல் வைத்தார். “உன் பியூட்டனால் இங்க இருக்கு. நீ உடைச்சதுல அதே சோப்புத் தண்ணிதான். சோப்புல சோப்பு ஊத்தினாலே உனக்குக் குளிருதா? போத்திக்க ஏதாவது கொண்டுவரச் சொல்லவா?”

அவருக்குப் பின்னால் பூனை சிரித்தாள். அறைத்தோழி. சத்தமில்லாமல் நடப்பவளுக்கு அந்தப் பேரை வைத்தது இவள்தான். காலையில் குமிழ்களை அடைத்துக் கொடுத்தது யார் என்பது இப்போதுதான் உறைத்தது. ஆனால் அதைவிடப் பெரிய பயம் ஒன்று இருந்தது. அந்த இரண்டு கோடுகளை அவள் நிஜமாகவே பார்த்திருந்தாள். அப்படியானால் இத்தனை வருடங்களாகப் பார்த்தவை?

“நிஜக் குமிழையும் உடைச்சுப் பாருங்க சார்.” குரல் பிச்சை கேட்பதுபோல் வந்தது.

“பாக்கலாமே. உன் கண்ணு மட்டும் வேண்டாம்.” பூனையின் பக்கம் திரும்பினார். “நீ வாம்மா. அடுத்த வருஷம் நீயும் எங்கிட்டதான கையெழுத்துக்கு வரணும்?”

பூனை புதுக் கரைசல் ஊற்றினாள். நிதானமாகக் கலக்கினாள். குமிழ் உடைந்தது. எதிரே நின்ற இவளுக்கு வெப்பமானி தெரியவில்லை. உருப்பெருக்கிக்குப் பின்னால் பூதாகரமாகத் தெரிந்த தோழியின் கண் மட்டும் தெரிந்தது. பூனையின் உதடுகள் ஓசையின்றி எண்ணின. மூன்று, நான்கு, ஐந்து. எண்ண எண்ண, கண்மணி கீழே, இன்னும் கீழே போய்க்கொண்டிருந்தது.

“என்னம்மா?”

“ஏறுது சார்.”

“எவ்வளவு?”

“அஞ்சு கோடு.”

சார் பேனாவைத் தேடினார். உருப்பெருக்கிக்குப் பின்னால் பூனையின் அந்தப் பெரிய கண் இமைக்காமல் கீழ்நோக்கியே நின்றிருந்தது.