கெட்டிலின் வயிற்றில் ஒரு கறை

ஆறரைக்கு எழுந்தான். பல் தேய்த்தான். டீ போட்டு நின்றபடியே குடித்தான். டம்ளரைக் கழுவிக் கவிழ்த்தான். சட்டையைத் தேய்க்காமலே மாட்டிக்கொண்டான். பேருந்தில் ஜன்னலோர இடம் கிடைத்தது. ஒன்பதுக்கு அலுவலகத்தில் கணினி முன்னால் உட்கார்ந்திருந்தான். மனைவி போனதிலிருந்து இந்த ஏழு மாதமாக இதில் எதுவும் மாறவில்லை.

அவன் வேலை, இல்லாத பொருளுக்குப் பளபளப்பு கொடுப்பது. அன்றைக்கு ஓர் எவர்சில்வர் கெட்டில். தொழிற்சாலையில் இன்னும் ஒன்றுகூடச் செய்து முடிக்கவில்லை. விளம்பரப் படம் மட்டும் மத்தியானத்துக்குள் போயாக வேண்டும். பளபளக்கிற சாமானுக்குச் சொந்த முகம் கிடையாது. சுற்றி இருப்பதைக் காட்டித்தான் தன்னை எவர்சில்வர் என்று நம்ப வைக்கும். அதனால் அதைச் சுற்றி ஓர் அறையை வைக்க வேண்டும். அவன் தன் வீட்டுச் சமையலறையை வைத்திருந்தான்.

அறையைப் பிடிக்கும் வழி எளிது. கண்ணாடிபோல் மின்னும் உருண்டை ஒன்றை நடுவில் நிறுத்திப் படம் எடுத்தால், அறை முழுக்க அதில் வந்து உட்கார்ந்துவிடும். தொல்லை என்னவென்றால், எடுக்கிறவரும் கூடவே உட்கார்ந்துவிடுவார். ஆகவே இன்னொரு பக்கம் போய் இரண்டாவது படம் எடுத்து, ஆள் தெரிகிற இடத்தில் அதை வெட்டி ஒட்டுவார்கள். அவன் ஒட்டவில்லை. முதல் படத்தை மட்டும் போட்டு, கெட்டில் படத்தைக் கணினி வரைந்து முடிக்க விட்டிருந்தான். மறதி என்று தனக்கே சொல்லிக்கொண்டான்.

குழுத் தலைவருக்கு அலுவலகத்தில் பூதக்கண்ணாடி என்று பெயர். எதையும் எட்டு மடங்கு பெரிதாக்காமல் பார்க்கமாட்டார். தன் கல்யாணப் படத்தில் மணமகளை விட்டுவிட்டுப் பின்னால் தொங்கிய திரையின் சுருக்கத்தைப் பார்த்தவர் என்று கேலி செய்வார்கள். அவர் வந்ததும் கெட்டிலின் வயிற்றில் விரலை வைத்தார்.

"இங்க என்னப்பா, கறுப்பா ஒரு கறை? துடைச்சிடு."

சரி என்றான். கை நகரவில்லை. அவரே பெரிதாக்கினார். கறைக்குத் தோள் வந்தது. பிறகு கழுத்து. உருண்டையின் வளைவில் மூக்கு கத்தரிக்காய் மாதிரி வீங்கியிருந்தது. வாய் திறந்திருந்தது.

"யாருப்பா இது?"

"என் வீட்ல, அண்ணே. அன்னிக்குக் கேமராவை அவ கையில குடுத்தேன்."

பூதக்கண்ணாடி சட்டென்று படத்தைச் சின்னதாக்கினார். நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். போய் முகம் கழுவிவிட்டு வா, நான் துடைக்கிறேன் என்றார். வேண்டாம் என்றான். இன்னொருவர் கையில் அவளை விட மனம் வரவில்லை.

இரண்டாவது படத்தைத் திறந்தான். அது அவன் எடுத்தது. அதற்குள் அவள் சமையலறையை விட்டுப் போயிருந்தாள். அலமாரி, குழாய், ஜன்னல் வெளிச்சம். ஆள் இல்லாத அந்த அறையைத்தான் எடுத்து அவள்மேல் ஒட்ட வேண்டும்.

முதல் படத்துக்கு ஒரு நகல் எடுத்து வைத்தான். பிறகு ஓரங்களைப் பொருத்தினான். சுவரின் கோடு மயிரிழை விலகியது; மறுபடி பொருத்தினான். கை போயிற்று. தோள் போயிற்று. முகத்தைக் கடைசிக்கு வைத்துக்கொண்டான். வாடிக்கையாளர் போனில் அவசரப்படுத்தியபோது, மெஷின் மக்கர் பண்ணுகிறது என்று பூதக்கண்ணாடி கூசாமல் புளுகினார்.

"இதுல என்னமோ பேசிட்டிருக்காங்களே" என்றார்.

தன் மூக்கைப் பார்த்துத் தானே சிரித்தாள் என்றான். கேமராவைக் கொடுத்துவிட்டு வேலைக்குக் கிளம்பினாள், சாலையைத் தாண்டும்போது... அதோடு நிறுத்தினான். மீதி அவருக்குத் தெரியும்.

துக்கம் கேட்க வந்தவர்கள் எல்லாரும், கடைசியாக என்ன சொன்னாள் என்று கேட்டிருந்தார்கள். அம்மாவைப் பார்த்துக்கொள் என்றாள் என்று மாமியாரிடம் சொன்னான். கேட்க அழகாக இருந்தது. எல்லாரும் அழுதார்கள். மாமியார் இன்றைக்கும் அந்த ஒரு வாக்கியத்தைப் பிடித்துக்கொண்டுதான் நடமாடுகிறாள்.

முகத்தின்மேல் ஜன்னல் வெளிச்சத்தை ஒட்டினான். கெட்டில் சுத்தமாகப் பளபளத்தது. படத்தை அனுப்பினான்.

அப்புறம், யாரும் கேட்காமலே, அவள் கடைசியாக நிஜத்தில் சொன்னதைப் பூதக்கண்ணாடியிடம் சொன்னான். இரண்டாவது படத்துக்காகக் குனிந்திருந்தபோது வாசலிலிருந்து குரல் வந்தது. அவன் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

"ஒரே குடைதான் இருக்கு, நான் எடுத்துட்டுப் போறேன். நீ நனைஞ்சுக்கிட்டே வா."