ஒரே மீட்டர்

பொழுது விடிவதற்குள் புஷ்பவள்ளியின் முதுகில் மருந்து பம்பு ஏறிவிடும். மலேசியாவில் பாலிங் பக்கத்துச் செம்பனைத் தோட்டம் அது. வார்ப்பட்டை தோளை அறுக்க, மரத்துக்கு மரம் நடந்து களைக்கொல்லி அடிப்பாள். தொழிலாளர்கள் குடியிருக்கும் லயத்துக் குழாயில் பதினெட்டு நாளாகத் தண்ணீர் இல்லை. அதற்கும் அவள் ஒன்றும் சொல்லவில்லை. ஆற்றில் வாளியை முக்கித் தூக்கி வந்தாள். கோபப்பட்டே எத்தனையோ வருஷமாயிற்று.

அன்று காலை பக்கத்து நிரையில் காளியம்மாவின் பம்புக் குழாய் வெடித்தது. மருந்து நேராகக் கண்ணில் அடித்தது. புஷ்பவள்ளி அவளை இழுத்துக்கொண்டு ஓடி, பதற்றத்தில் லயத்துக் குழாயைத் திருகினாள். காற்றுதான் சீறியது; வாளியிலிருந்த ஆற்றுத் தண்ணீரும் தீர்ந்திருந்தது. குடிக்க வைத்திருந்த பாட்டில் தண்ணீர் ஒரு கண்ணுக்கே போதவில்லை. ஆஸ்பத்திரியில், இடது கண் தேறிவிடும், வலது கண்ணை உறுதியாகச் சொல்ல முடியாது என்றார்கள்.

மதியம் மேனேஜர் லோகேஸ்வரன் எல்லாரையும் ஆபீசுக்கு அழைத்தார்.

“எண்ணெய் மில்லுக்கும் லயத்துக்கும் ஒரே மீட்டர். மொத்தத்துக்கும் வியாபார ரேட்டு. அதையும் இப்ப ஏத்திட்டாங்க. தண்ணி ஆணையமே அனுமதி குடுத்திருக்கு, நான் என்ன பண்ண? தண்ணிச் செலவ சம்பளத்துல பிடிச்சுக்கலாம்னு கையெழுத்துப் போடுங்க. நாளைக்கே லயத்து வால்வத் திறந்துடுறேன்.”

“மில்லுல தண்ணி ஓடுதே சார்?” என்றாள் புஷ்பவள்ளி.

“மில் நின்னா உங்களுக்கு வேலை ஏது லா?”

பேனாவை அவளிடம்தான் முதலில் நீட்டினார். எதை நீட்டினாலும் கையெழுத்துப் போடுகிறவள் அவள். வாங்கிய பேனாவை மேசையில் வைத்தாள்.

“கண்ணு கழுவத் தண்ணி இல்ல சார்.”

“வீட்டக் காலி பண்ணச் சொன்னா எங்க போவீங்க?”

அவளுக்குப் பின்னால் நின்றவர்களும் பேனாவைத் தொடவில்லை.

மறுநாள் இருபத்தேழு வீட்டிலும் யாரும் வேலைக்குப் போகவில்லை. வீட்டுக்கு ஒருவராக வேன்களில் ஏறி டவுனுக்குப் போனார்கள். தண்ணீர் அலுவலகக் கவுண்டரில் சுல்கிப்லி என்ற இளைஞர் கணினியைப் பார்த்துவிட்டு மலாயில் சொன்னார்: “அக்கவுண்ட் தோட்டத்துப் பேர்ல இருக்கு, அக்கா. நீங்க எங்க பயனீட்டாளர் இல்ல. தனி மீட்டர் வேணும்னா நிலத்துக்காரர் கடிதம் கொண்டு வாங்க.”

“தண்ணி குடிக்கிறது நாங்க. பயனீட்டாளர் தோட்டமா?” என்றாள் புஷ்பவள்ளி.

அவர் தலைகுனிந்தார். “சட்டம் அப்படித்தான், அக்கா.”

“அது ஒரு சட்டம், இன்னொண்ணும் இருக்கு,” என்றாள் காஞ்சனா. கூட வந்த லயத்துப் பெண், டவுனில் வக்கீல் ஆபீசில் வேலை செய்கிறாள். “வீடு குடுக்குற முதலாளி தண்ணியும் இலவசமாக் குடுக்கணும்னு தொழிலாளர் குடியிருப்புச் சட்டத்துல இருக்குக்கா. தொழிலாளர் இலாகாவுக்குப் போவோம்.”

புகாரை அவளே எழுதினாள். முதல் கையெழுத்து புஷ்பவள்ளியுடையது. அங்கிருந்து ஆஸ்பத்திரிக்குப் போனார்கள். இரண்டு கண்ணிலும் கட்டுடன் காளியம்மா படுத்திருந்தாள்.

“என் பேரு போட்டியாடி?”

“உன் கையாலயே போடு.” புஷ்பவள்ளி அவள் விரலைப் பிடித்துத் தாளில் இடம் காட்டினாள். எழுத்து கோணலாக, கோட்டைத் தாண்டி ஓடியது. பார்த்துக்கொண்டிருந்தபோது புஷ்பவள்ளியின் நெஞ்சுக்குள் என்னவோ அசைந்தது. அழுகையில்லை. வெகுநாள் கழித்துப் பசி எடுப்பது போல இருந்தது.

தொழிலாளர் இலாகாவில் அதிகாரி முத்திரை குத்தி நகலைத் திருப்பித் தந்தார்.

“லயத்த எப்ப வந்து பார்ப்பீங்க?” என்று கேட்டாள் புஷ்பவள்ளி.

“தேதி சொல்ல முடியாதும்மா. நிறைய ஃபைல் இருக்கு. நீங்க போங்க, கடிதம் வரும்.”

வெளியே வேன்காரர் ஹாரன் அடித்தார். லயத்தில் குழாய்கள் இன்னும் காய்ந்துதான் கிடக்கும். மேனேஜர் காலி பண்ணச் சொல்லும் நோட்டீசை அடித்துக்கொண்டுகூட இருக்கலாம்.

“தேதி சொல்லுங்க, போறோம்,” என்று புஷ்பவள்ளி தரையில் உட்கார்ந்தாள்.

காஞ்சனா பக்கத்தில் உட்கார்ந்தாள். பிறகு ஒவ்வொருவராக மற்றவர்களும் உட்கார்ந்தார்கள். கவுண்டருக்கும் வாசலுக்கும் நடுவே கால் வைக்க இடமில்லை.

அதிகாரி டெலிபோனை எடுத்து மேலதிகாரியிடம், “லயத்தப் பார்க்க ஒரு தேதி குடுங்க சார்,” என்றார்.