எடை என்று யாரும் சொல்லாதது

"ஜிம்முல போயி வெட்டியா இரும்பத் தூக்குறதுக்கு, பரண்மேல இருக்கற அண்டாவ எறக்கி வச்சிட்டுப் போ!" வாசலை மறித்துக்கொண்டு நின்றாள் மாமியார்.

மருமகள் ஈட்டி எறிபவள். எறிகிற தோள் விலகி, கட்டுப் பிரித்து மூன்று மாதம். ஐந்து வாரத்தில் தேர்வுப் போட்டி; அதில் எறியாவிட்டால் அணியில் அவள் இடம் போய்விடும். பல்லைக் கடித்துக்கொண்டு எட்டி அண்டாவை இறக்கினாள். தோளுக்குள் சுருக்கென்றது. கட்டிலில் காலை நீட்டிக் கிடந்த கணவன் கைபேசியிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. ஆள் என்னவோ கல்லுக்குண்டு மாதிரிதான் இருந்தான்.

பயிற்சிக்கூடத்தில் மாஸ்டர் அவளுக்காக எல்லாவற்றையும் மாற்றி வைத்திருந்தார். தலைக்கு மேலே எதையும் தூக்கக் கூடாது. தரையில் மல்லாந்து படுத்துச் சின்ன எடையை மேலே தள்ள வேண்டும். முழங்கை ரொம்பக் கீழே இறங்காமல் தரையே தடுத்துக்கொள்ளும். கால்களுக்கு மட்டும் பழைய பாரம்.

அன்று இரண்டு கிலோவுக்கே கை நடுங்கியது.

"போன வாரம் மூணு தள்ளுனியே. எனக்குத் தெரியாம வேற எங்கம்மா தூக்குற?"

"எங்கயும் இல்ல மாஸ்டர். வீட்டு வேலைதான்."

"அதுல என்னென்ன?"

தெருக்குழாயிலிருந்து இரண்டு மாடி ஏறும் தண்ணீர், தினம் பத்து வாளி. நனைந்த போர்வைகள். இப்போது அண்டா. எழுதிக்கொண்டே வந்தவர் பேனாவை மூடினார்.

"நான் இங்க கிலோ கிலோவா கொறைக்கிறேன், அங்க மூட்டை மூட்டையா ஏத்துறாங்க. இப்படியே போனா ஈட்டிய மறந்துட வேண்டியதுதான்."

அவளுக்கு வெட்கமாகவும் ஆத்திரமாகவும் இருந்தது. அதையெல்லாம் எடை என்று அவளே நினைத்ததில்லையே! மருமகள் கைக்கு வந்தால் பாரத்துக்குக்கூட வேலை என்று பேர் மாறிவிடுகிறது.

மறுநாள் காலை கணவன் முன்னால் இரண்டு காலி வாளிகளை வைத்தாள்.

"தண்ணி இனிமே நீங்க கொண்டாங்க."

மாமியார் அடுப்படியிலிருந்து ஓடிவந்தாள். "ஆம்பளப் புள்ள வாளி தூக்குனா தெருவே சிரிக்காதா? நாலு பேரு கேட்டா என்ன சொல்றது?"

"தோளுக்குப் பயிற்சின்னு சொல்லுங்க அத்தை."

அவன் மெல்லத் தோளைத் தடவிக்கொண்டான். "நேத்துலேருந்து எனக்குக்கூட இங்க ஒரு மாதிரி வலிக்குதும்மா."

"ஐயையோ! அப்படின்னா நீ ஒண்ணையும் தொடாத கண்ணு!"

அந்த ஒரு வார்த்தைக்காக மூன்று மாதம் காத்திருந்தவள், அது இவ்வளவு சுலபமாக வாயில் வருவதைப் பார்த்து நின்றாள். பிறகு பையை நல்ல தோளில் மாட்டிக்கொண்டு படியிறங்கினாள். அன்றைக்கு அந்த மாடிக்குத் தண்ணீர் ஏறவில்லை.