தட்டில் ஒட்டிய நீல டேப்

எனக்கு விளையாட்டே பிடிக்காது. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பஸ் டிப்போவில் மெக்கானிக் வேலை. காலையிலிருந்து பள்ளத்துக்குள் இறங்கி, தலைக்கு மேலே நிற்கிற வண்டியின் வயிற்றையே அண்ணாந்து பார்த்துக்கொண்டிருப்பவனுக்கு, ஷிஃப்ட் முடிந்ததும் வீட்டுக்குப் போய்க் கட்டையைச் சாய்த்தால் போதும் என்றிருக்கும். மச்சான் விட்டால்தானே! என் மனைவியின் அண்ணன். அதே டிப்போவில் டிரைவர். "பத்து நிமிஷம் மாப்ளே, வா" என்பார். அவருடைய பத்து நிமிஷத்தில் பொழுதே சாய்ந்துவிடும்.

டிப்போவுக்குப் பின்னால் இருக்கிற பூங்காவில் டிஸ்க் கோல்ஃப் ஆடுவோம். மட்டை கிடையாது, பந்து கிடையாது. சாப்பாட்டுத் தட்டு அகலத்தில் ஒரு பிளாஸ்டிக் தட்டு, அவ்வளவுதான். தூரத்தில் சங்கிலி தொங்கும் இரும்புக் கூடை ஒன்று நிற்கும். மரங்களுக்கு நடுவே தட்டை வீசி வீசி அதில் கொண்டுபோய்ச் சேர்க்க வேண்டும். குறைந்த வீச்சில் சேர்ப்பவர் ஜெயித்தவர். டிப்போ ஆட்களுக்குள் வருடாவருடம் ஜோடிப் போட்டி நடக்கும். மச்சானும் நானும் ஒரு ஜோடி. இரண்டு பேரும் வீசி, எது நன்றாக விழுந்ததோ அங்கிருந்து தொடர்வது எங்கள் ஆட்டம். எப்போதும் அவருடைய வீச்சுதான் நன்றாக விழும். நான் கூட நடந்து போவேன், கோப்பையைத் தூக்கும்போது ஒரு பக்கம் பிடித்துக்கொள்வேன்.

இந்த வருடம் எல்லாம் தலைகீழ். அவர் வீசுகிற தட்டு நேராகக் கிளம்பி, என்ன நினைத்துக்கொள்ளுமோ, வலது பக்கம் ஓடிப் புதருக்குள் புகுந்துவிடும். முள்ளுக்குள் கையை விட்டுத் தேடுவது யார்? நான்தான்.

"பிடி சரியில்ல மாப்ளே" என்பார். விளிம்புக்கு அடியில் நாலு விரலையும் மடக்கி, மேலே கட்டைவிரலை வைத்து அழுத்த வேண்டுமாம். பிடி தளர்ந்தால் தட்டு தள்ளாடும். ரொம்ப இறுகினால் நேரம் கடந்து கழன்று வலது பக்கம் போகும். கடைசியாகக் கழல வேண்டியது ஆள்காட்டி விரலாம். இதையெல்லாம் எனக்குச் சொல்லிக் கொடுத்தவரே அவர்தான். இப்போது அவருக்கே வரவில்லை.

பிடியைச் சரி செய்கிறேன் என்று அவர் பண்ணிய கூத்து கொஞ்சநஞ்சமல்ல. எங்கள் வீட்டுச் சாப்பாட்டு மேஜையில்கூட ஒரு கையால் ரப்பர் பந்தை அமுக்கிக்கொண்டு மறு கையால் சாப்பிட்டார். துவைக்கப் போட்ட துண்டுகளை எல்லாம் எடுத்துப் பிழிந்து தள்ளினார். "அண்ணா, துண்டுக்கு வாய் இருந்தா அழுதுடும், விடுங்க" என்றாள் என் மனைவி. தண்ணீர் குடிக்கக் கண்ணாடி டம்ளரை எடுத்தார். அது நழுவி உடைந்தது. சத்தம் கேட்ட பிறகுதான் குனிந்து பார்த்தார். "பயில்வான் பிடி பிடிச்சா டம்ளர் என்னத்துக்கு ஆகும்" என்று நான் சிரித்தேன். எல்லோரும் சிரித்தோம். அவரும்தான்.

இன்னொன்று. மச்சான் அலங்காரப் பிரியர். ஒவ்வொரு வீச்சுக்கும் முன்னால் பாக்கெட்டிலிருந்து சீப்பை எடுத்துத் தலையை வாரிக்கொண்டுதான் கையை ஓங்குவார். கூடையில் கேமரா இருக்கிற நினைப்பு. கொஞ்ச நாளாக அதையும் காணோம். தலை பரட்டையாகக் கிடந்தது. வயதாகிறது போல என்று விட்டுவிட்டேன்.

ஒரு சாயங்காலம், "உன் பெட்டியில ஒயருக்குச் சுத்துற நீல டேப் இருக்குமே, குடு" என்றார். தூக்கிப் போட்டேன். ஒரு துண்டு கிழித்துத் தட்டின் விளிம்பில் ஒட்டினார். குனிந்து, பார்த்துப் பார்த்து ஆள்காட்டி விரலை அந்த நீலத்தின் மேல் வைத்தார். வீசினார். தட்டு நூல் பிடித்தது போலப் போய்ச் சங்கிலியில் விழுந்தது. ஆகா, அந்தச் சத்தம்! அடுத்ததும் அப்படியே. எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. கோப்பை வரப்போகிறது என்பதற்காக இல்லை. இனி புதருக்குள் போக வேண்டாம், சீக்கிரம் வீட்டுக்குப் போகலாம்.

"டேப் முழுசையும் நீங்களே வச்சுக்குங்க மச்சான்" என்று கொடுத்துவிட்டேன்.

போன வாரம் அவருடைய வண்டி பிரேக் சத்தம் போடுகிறது என்று என்னிடம் வந்தது. பள்ளத்தின் மேல் ஏற்றி நிறுத்த டிரைவர் சீட்டில் உட்கார்ந்தேன். கையை ஸ்டியரிங்கில் வைத்தவன் அப்படியே உட்கார்ந்துவிட்டேன். நீல டேப். மேலே ஒரு கோடு, கீழே ஒரு கோடு. கதவு பட்டனில் ஒரு துண்டு. இண்டிகேட்டர் குச்சியில் ஒன்று. எல்லாம் வலது கைப் பக்கம். இடது பக்கம் சுத்தமாக இருந்தது.

உடைந்த டம்ளர் ஞாபகம் வந்தது. சத்தம் கேட்ட பிறகு அவர் குனிந்தது ஞாபகம் வந்தது. பிடி தளரவும் இல்லை, இறுகவும் இல்லை. அந்த விரல்களுக்கு எதுவுமே தெரியவில்லை. கண்ணால் பார்த்துத்தான் கையை வைக்கிறார்.

உண்மையைச் சொல்கிறேன், எனக்கு ஏன் இந்தப் பாடு என்றுதான் முதலில் தோன்றியது. பிரேக்கைச் சரி செய்துவிட்டு, ஒன்றும் பார்க்காத மாதிரி இறங்கிப் போய்விடலாம். சொன்னால் அவரை வண்டியிலிருந்து இறக்கிவிடுவார்கள். ஸ்டியரிங் இல்லாமல் அந்த மனுஷன் என்ன செய்வார்? ஆனால் தினமும் காலையில் அதே வண்டியில் முதல் சீட்டில் உட்கார்ந்து, அண்ணனோடு பேசிக்கொண்டே வேலைக்குப் போகிறவள் என் மனைவி. அவளுக்குப் பின்னால் பள்ளிக்கூடப் பிள்ளைகள் நிற்க இடமில்லாமல் நிற்கும்.

வேலை முடிந்து சாவியைப் பலகையில் மாட்டினேன். எங்கள் டிப்போவில் காலை முதல் ஓட்டம் போகிறவர் முந்தின நாளே சாவியை எடுத்துப் பாக்கெட்டில் போட்டுக்கொள்வார். மச்சான் சீட்டி அடித்துக்கொண்டே வந்து எடுத்துக்கொண்டார்.

"என்ன மாப்ளே, மூஞ்சி தொங்குது? வா, பத்து நிமிஷம்."

போனேன். அவர் தட்டை எடுக்கும் முன் நான் எடுத்து, டேப்பைப் பிய்த்துப் போட்டேன்.

"ஏய், என்ன பண்றே?"

"கண்ண மூடுங்க மச்சான். கண்ண மூடிட்டுப் பிடிச்சாத்தான் பிடி சரியா வரும்னு ஒருத்தன் சொன்னான்."

"எவன் அவன்?" என்று முனகிக்கொண்டே மூடினார். எதைச் சொன்னாலும் நம்பிவிடுகிற மனுஷன். கையில் தட்டை வைத்தேன். நாலு விரலும் அழகாக மடங்கின. கட்டைவிரல் மேலே அமர்ந்தது. யார் பார்த்தாலும் இப்படித்தான் பிடிக்க வேண்டும் என்பார்கள். நான் தட்டை மெல்ல, மிக மெல்ல, பக்கவாட்டில் உருவினேன்.

விரல்கள் மடங்கியபடியே இருந்தன.

"நல்லா பிடிச்சிருக்கீங்களா மச்சான்?"

"இரும்புப் பிடி. வீசட்டுமா?"

நான் தட்டோடு ஓரடி பின்னால் நகர்ந்தேன். அவரே கண்ணைத் திறந்தார். தன் கையைப் பார்த்தார். பிறகு என் கையிலிருந்த தட்டைப் பார்த்தார்.

"எப்ப எடுத்தே?"

"அப்பவே."

பக்கத்திலிருந்த பெஞ்சில் போய் உட்கார்ந்தார். "விரல் மட்டும்தான் மாப்ளே" என்றார். "கண்ணு நல்லாத்தான் இருக்கு. பிரேக் கால்லதானே இருக்கு? டாக்டர்கிட்ட போனா மொத்தமா இறக்கி விட்ருவாங்க. அதான் போகல."

எனக்கு எங்கிருந்துதான் அந்தக் கோபம் வந்ததோ. "உங்க தங்கச்சி அந்த வண்டியிலதான் வர்றா! கொஞ்சமாவது யோசிச்சீங்களா?" என்று கத்திவிட்டேன்.

"யோசிக்காம இருப்பேனா? அவ ஏறினா இன்னும் மெதுவாத்தான் ஓட்டுவேன்."

"அவ இறங்கினப்புறம்?"

தலையைக் குனிந்து, மடங்கிய விரல்களை இடது கையால் ஒவ்வொன்றாக நீட்டிவிட்டார். பக்கத்தில் உட்கார்ந்தேன். நானும் ஓய்ந்துபோயிருந்தேன். திட்டுவதற்குக்கூடத் தெம்பில்லை.

"காலையில டாக்டர்கிட்ட போவோம். நானும் லீவு போட்டுட்டு வரேன். சீக்கிரமா காட்டினா சரியாகுமான்னு கேப்போம். ஆனா நாளைக்கு வண்டிய நீங்க எடுக்கக் கூடாது. சாவியக் குடுங்க."

தரமாட்டார் என்றே நினைத்தேன். பிறகு எழுந்து, சின்னப் பிள்ளை மாதிரி, வலது பக்கப் பாக்கெட்டை என் பக்கம் திருப்பிக்கொண்டு நின்றார்.

"நீயே எடுத்துக்க மாப்ளே. உள்ள கைய விட்டா எது சாவி, எது சீப்புன்னு எனக்குத் தெரிய மாட்டேங்குது."