இரு சபைக்கும் சமதூரத்தில் ஒரு வால்வு

இத்தால் சகலருக்கும் அறியத்தருவது யாதெனில், ஊவா மாகாண வரலாற்றிலேயே முதன்முறையாக ஒரு நகர சபையும் ஒரு பிரதேச சபையும் ஒரே மேசையில் அமர்ந்து ஒரே பேனையால் கையொப்பமிட்டுள்ளன. இனி மேட்டிலுள்ள பிரதேச சபை தண்ணீர் தரும். பள்ளத்திலுள்ள நகர சபை கழிவை வாங்கிக்கொள்ளும். இதைவிட உயர்ந்த நட்பு உலகில் உண்டா?

அறிவித்தலைக் கித்துல்மலைத் தோட்டத்தில், தொழிலாளர் வரிசை வீடுகளான கடைசி லயத்தின் சுவரில் ஒட்டிவிட்டுப் போனார்கள். தோட்டத்துக் குழாய்களைத் திறந்துவிடும் தண்ணிக்காரர் மாடசாமி அதை எழுத்துக்கூட்டி வாசித்து முடித்தார்.

"பேனா ஒன்னா இருந்தா நமக்கென்னாங்க? தண்ணி எப்ப வரும்னு போட்டிருக்கா?" என்றாள் அவர் மனைவி இராக்கம்மா.

"தீவாளிக்கு முன்னுக்கு."

"எந்தத் தீவாளிக்கு?"

அவள் கேட்டது நியாயம். சபைகளின் எல்லை தோட்டத்தை இரண்டாக வெட்டிக்கொண்டு போகிறது. மேலேயுள்ள ஊற்று பிரதேச சபைக்கு. கீழேயுள்ள கடைசி லயம் நகர சபைக்கு. தேர்தல் வந்தால் இருவருமே "எங்கள் மக்கள்" என்பார்கள். தண்ணீர் கேட்டால் இருவருமே "அது அவர்கள் மக்கள்" என்பார்கள். போனால் போகட்டுமென்று மாடசாமியே ஊற்றிலிருந்து ஒரு கறுப்புக் குழாயை இழுத்துவந்து லயத்தடியில் ஒரு பீலி போட்டிருந்தார். விரல் பருமனுக்குத்தான் தண்ணீர் வரும். ஆனால் வரும்.

லயத்துக்குப் புதிதாகக் கட்டிக்கொடுத்த கழிப்பறைகளில் வெள்ளைப் பீங்கான் பளபளத்தது. உள்ளே குழாயில்லை, வெளியே கழிவுக்கால்வாய் இல்லை. எனவே இராக்கம்மா அதில் விறகு அடுக்கியிருந்தாள். அவளுக்கு முழங்கால் தேய்மானம். படி ஏறவே கூடாதென்று பதுளை ஆஸ்பத்திரி டொக்டர் கண்டிப்பாகச் சொல்லியிருந்தார். ஊற்றுக்கு எண்பத்தேழு படிகள்.

வேலை தொடங்கியது. முதலில் வால்வு வந்தது. அதை எங்கே புதைப்பதென்று மூன்று கூட்டம் நடந்தது. நகர சபையின் மண்ணில் வைத்தால் பிரதேச சபைக்கு இழுக்கு, பிரதேச சபையின் மண்ணில் வைத்தால் நகர சபைக்கு இழுக்கு. கடைசியில் நில அளவையாளரைக் கூட்டிவந்து நூல் பிடித்து, சரியாக எல்லைக் கோட்டின் மேலேயே குழி வெட்டி வைத்து, இரும்பு மூடி போட்டார்கள். பிறகு ஒவ்வொரு சபையும் தன் பக்கத்தில் குழாய் பதித்து அன்றன்றே மண்ணை மூடியது.

இதையெல்லாம் மேற்பார்வை செய்தவர் தொழில்நுட்ப உத்தியோகத்தர் தர்மராசா. யாழ்ப்பாணத்துக்காரர். அறுபது பக்க ஒப்பந்தத்தைக் கக்கத்திலிருந்து இறக்காதவர்.

"பதினாலாம் பிரிவைப் பாரும் மாடசாமி. ஒரு சபையின்ரை பிக்காசு மற்றச் சபையின்ரை மண்ணிலை விழக்கூடாது. அதுக்காக எல்லையிலையிருந்து ஆறடி தள்ளித்தான் ஆக்கள் வேலை செய்யினம். நடுவிலை உள்ளது கூட்டுப் பொறுப்பு. எவ்வளவு நுணுக்கமா எழுதியிருக்கினம், என்ன?"

"நுணுக்கந்தாங்கய்யா," என்றார் மாடசாமி. பெரிய மனிதர்கள் எழுதியது, அர்த்தம் இருக்கும்.

"இன்னுமொண்டு. உம்மடை கறுப்புக் குழாயைக் கழட்ட வேணும். அது சட்டவிரோதம்."

"தண்ணி வந்த பொறவு கழட்டுறேங்கய்யா."

"திறப்பு விழாவுக்கு வாற ஆக்கள் அதைப் பாத்தால் என்ன நினைப்பினம்? இங்கை முந்தியே தண்ணி இருந்ததெண்டெல்லே நினைப்பினம்!"

கழற்றினார். அன்று மாலை இராக்கம்மா ஒரு கையில் வாளியும் மறு கையில் முழங்காலுமாகப் படியேறினாள். மாடசாமி பின்னாலேயே ஓடி வாளியைப் பிடுங்கப் பார்த்தார்.

"விடுங்க. ஊருக்கெல்லாம் தண்ணி தொறக்கிற பெரிய மனுசன் வாளி தூக்குனா கவுரவம் என்னாவுறது?"

விழாவுக்கு இரண்டு நாள் முன்பு நினைவுக்கல் வந்தது. கருங்கல், பொன்னெழுத்து, இரண்டு தலைவர்களின் பெயரும் ஒரே அளவு. அதை எங்கே நடுவதென்று விழாக்குழு நான்கு கூட்டம் போட்டது. முடிவு யாரும் எதிர்பார்க்கக்கூடியதுதான். மேசன் எல்லைக் கோட்டைக் கண்டுபிடித்து, அங்கே ஏற்கெனவே கிடந்த இரும்பு மூடியை நல்ல அத்திவாரம் என்று மெச்சி, அதன்மேல் மூன்று மூடை சீமெந்தைக் கொட்டிக் கல்லை நிறுத்திவிட்டான்.

மாடசாமி மூச்சிரைக்கத் தர்மராசாவிடம் ஓடினார். "ஐயா, வால்வு மேலயே கல்லை நட்டுட்டாங்கய்யா!"

தர்மராசா மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "அது விழாக்குழு. நான் நீர்க்குழு."

"அப்ப வால்வை எப்புடிங்கய்யா தொறக்கிறது?"

"அது இயக்கக்குழு. இன்னும் நியமிக்கேல்லை."

விழா பிரமாதமாக நடந்தது. குத்துவிளக்கு ஏற்றினார்கள். வெற்றிலை கொடுத்தார்கள். ஒரே நாடாவை இரண்டு கத்தரிக்கோலால் இரண்டு தலைவர்களும் வெட்டினார்கள். நடுத்துண்டு யாருக்கும் சேராமல் கீழே விழுந்தது. பந்தலில் வைத்த பித்தளைக் குழாயைத் திருகியதும் தண்ணீர் சீறிப் பாய்ந்தது. கைதட்டல் மலையில் எதிரொலித்தது. பந்தலுக்குப் பின்னால் வாழைமரங்களின் மறைவில் நின்ற தண்ணீர் பவுசர் லொறியை, குழாயைப் பின்தொடர்ந்து போய்ப் பார்த்தவள் இராக்கம்மா மட்டுந்தான். அவள் ஆறு வாளி நிரப்பிக்கொண்டாள். ஏழாவதற்குள் பவுசர் போய்விட்டது.

தீபாவளியும் போய்விட்டது. கல்லை நகர்த்த இரு சபைத் தலைவர்களின் கையொப்பமும் வேண்டும். ஒரு தலைவர், உள்ளூராட்சி ஒத்துழைப்பைப் பற்றிப் படிக்க வெளிநாடு போயிருந்தார். மற்றவர், அவர் இல்லாமல் கையெழுத்துப் போட்டால் நட்புக்குப் பங்கம் என்றார்.

ஒரு ஞாயிறு காலை இராக்கம்மா நாற்பதாவது படியில் உட்கார்ந்துவிட்டாள். எழுந்திருக்க முடியவில்லை. மாடசாமி அவளைத் தாங்கிப் பிடித்து வீட்டுக்குக் கொண்டுவந்து, மண்வெட்டியை எடுத்தார்.

"கல்லுல கை வச்சா உள்ள புடிச்சுப் போடுவாங்க!"

"கல்லுல வைக்கல புள்ள. மண்ணுலதான் வைக்கிறேன். நீ கழிப்பறைய ஒதுக்கி வையி."

கல்லின் பக்கவாட்டில் சரிவாகத் தோண்டினார். பனி விலகி வெயில் ஏறியது. லயமே கூடி நின்று, ஆளுக்கொரு யோசனை சொன்னது. பகல் சாப்பாட்டு நேரத்தில் மண்வெட்டி இரும்பில் மோதியது. மாடசாமி குப்புறப்படுத்து, தோள்வரை கையை விட்டு, சக்கரத்தைப் பிடித்தார். தோட்டத்தின் பழைய வால்வுகள் எல்லாம் துருப்பிடித்து முரண்டு பண்ணும். இது வெண்ணெய் மாதிரிச் சுழன்றது.

"தொறந்திருச்சு!" என்று கத்தினார்.

லயத்தில் விறகெல்லாம் வெளியே வந்திருந்தது. வெள்ளைப் பீங்கானைத் துடைத்து விபூதிகூடப் பூசிவிட்டு, நகர சபை பூட்டிக்கொடுத்த புதுக்குழாயின் அடியில் வாளியை வைத்துக்கொண்டு இராக்கம்மா உட்கார்ந்திருந்தாள்.

"வரலீங்க!"

"இப்ப?"

"காத்துகூட வரலீங்க!"

மாடசாமி இன்னும் நான்கு சுற்றுச் சுற்றினார். சக்கரம் அலுக்காமல் சுழன்றது. பதினாலாம் பிரிவு அப்போதுதான் அவருக்குப் புரியத் தொடங்கியது. மெல்ல எழுந்து, கல்லுக்கு மேற்புறம் தோண்டினார். பிறகு கீழ்ப்புறம் தோண்டினார்.

மேற்புறம் ஆறடிக்குக் குழாய் இல்லை. கீழ்ப்புறமும் ஆறடிக்குக் குழாய் இல்லை.