சபாபதியின் மேக்கும் மாடலும்

1931 பங்குனியில், பட்டப்பகலில், பிரிக்ஃபீல்ட்ஸ் ரயில்வே தொழிலாளர் லயத்துச் சந்துக்குள் ஓட்ட ஆளில்லாமல் ஒரு கார் வந்து தங்கமணி வீட்டு வாசலில் நின்றது. கோழிகள் ஒதுங்கி வழிவிட்டன. அவளுடைய கணவர் சபாபதி, துரை ஒருவரின் ஃபோர்டு டி மாடலைக் கிள்ளான் துறைமுகத்துக்கு ஓட்டிப்போய்க் காரோடு காணாமல் போய் நான்கு வருடமாகியிருந்தது. கடல் கொண்டுபோனது என்றார்கள் இரக்கப்பட்டவர்கள். சுமத்ராவில் இன்னொரு குடும்பம் என்றோம் விவரம் தெரிந்த நாங்கள். தங்கமணி தாலியைக் கழற்றவில்லை.

போலீஸ் ஸ்டேஷனில் எழுத்துவேலை பார்க்கும் கிராணி ராதாகிருஷ்ணன், நிரப்ப வேண்டிய பாரத்தோடு வந்தார். அதே ஃபோர்டு என்றால், வண்டி வந்தும் ஆள் வராததால் சபாபதி செத்தவர் பதிவில் ஏறுவார். கார் துரைக்கு, தங்கமணிக்கு வெள்ளைச் சேலை. வேறு வண்டி என்றால் யாருக்கும் ஒன்றுமில்லை. ஆகவே மேக், மாடல், அதாவது எந்தக் கம்பெனி, எந்த வருடத்து வகை என்று தெரிந்தாக வேண்டும்.

பட்டறை பக்கிரிசாமியை அழைத்தார்கள். கண்ணை மூடித் தடவிப் பார்த்துக் கார்ப் பெயர் சொல்பவர். கண்ணைத் திறந்தால் தப்பாகச் சொல்லிவிடுவார். தடவினார்.

“ரேடியேட்டர் ஃபோர்டு… இல்ல லா, ஆஸ்டின். வெளக்கு வேற என்னமோ…”

கை நகர நகரப் பெயர் மாறியது. இன்ஜின் ஓடவில்லை, பானெட் மட்டும் மெல்ல ஏறி இறங்கிக்கொண்டிருந்தது. மட்கார்டு வியர்த்திருந்தது. பக்கிரிசாமி கையை வேட்டியில் துடைத்துக்கொண்டார்.

“அக்கா, இதுல மூணு அம்மைகுத்துத் தழும்பு இருக்கு.”

“கப்பல்ல வந்தப்ப கேம்புல குத்தினது. எடது பக்கம்தானே?”

“எடது மட்கார்டு.”

“அப்ப அவருதான்.”

எதிர்வீட்டுச் சீதாலெட்சுமிக்குப் பொறுக்கவில்லை. “நாலு வருசம் எங்க சுத்துனாராம், கேளேன்!” கார் விளக்குகளைத் தாழ்த்திக்கொண்டது.

கிராணி பேனாவை உதறினார். “மேக் என்னன்னு எழுத?”

“சபாபதின்னு எழுதுங்க சார்.”

“மாடல்?”

“தொண்ணூத்தஞ்சு. மன்னார்குடி.”

எழுதிக்கொண்டார். துரையும் வந்து ஒருமுறை சுற்றிப் பார்த்துவிட்டு, தன்னுடையது ஃபோர்டு, இது சபாபதி என்று ஒப்புக்கொண்டு ரிக்‌ஷாவில் திரும்பினார். தங்கமணி வாசல் சுவரை இடித்து அகலமாக்கி, காரை உள்ளே அழைத்துக்கொண்டாள். மறு வருடம் தை மாதம் அவளுக்குப் பெண் குழந்தை பிறந்தது. சீதாலெட்சுமி வெகுநேரம் உற்றுப் பார்த்துவிட்டு வந்தாள். குறை சொல்ல ஒன்றும் கிடைக்கவில்லையாம். அப்படியே அப்பன் ஜாடை.