கறுப்புக் காரின் இரண்டாம் தோல்

1

எனக்குக் கார் இல்லை. பாலிஷ் போடவும் தெரியாது. இந்தக் கதை இன்னொரு கதையின் மிச்சம்.

அந்த இன்னொரு கதை முத்தைப் பற்றியது. தூத்துக்குடியை எழுதுகிறவன் முத்தைத் தொடாமல் போகக்கூடாது என்று யாரோ சட்டம் போட்டிருக்கிறார்கள். நானும் தொட்டேன். எழுதியதில் பெரும்பகுதியை அடித்தேன். அடித்தபின் பார்த்தால் முத்து போய்விட்டிருந்தது. முத்தை உரிக்கிற ஒருவனின் கை மட்டும் பக்கத்தில் கிடந்தது.

(தெரியாதவர்களுக்கு: முத்து தோல்தோலாக வளர்வது. மேல்தோல் மங்கிப்போனால் மெல்லிய கத்தியால் அதை உரித்துவிடலாம். அடியில் இருக்கும் தோல் ஒளியோடு வரலாம், வராமலும் போகலாம். உரிக்காமல் தெரியாது. உரித்தபின் திரும்ப ஒட்ட முடியாது.)

அந்தக் கையை எறிய மனம் வரவில்லை. அதில் ஒரு மெஷினைக் கொடுத்தேன்.

2

தொடக்கங்கள்.

அ. ‘யுத்தம் முடிந்த மறு வருஷம், கடற்காற்றில் இன்னும் —’

காற்றில் தொடங்குகிறவனிடம் சொல்வதற்கு விஷயம் இல்லை. விட்டேன்.

ஆ. ‘காசிலிங்கத்தின் தகப்பனார் அந்தக் காலத்தில் —’

தகப்பனார் வந்தால் வீடு வரும், வீடு வந்தால் கிணறு வரும். இந்தக் கதைக்கு ஒரு கொட்டகை போதும்.

இ. ‘காசிலிங்கம் பசையைத் தொட்டு முன்பல்லில் தேய்த்தான்.’

இது போகும்.

3

காசிலிங்கம் பசையைத் தொட்டு முன்பல்லில் தேய்த்தான். கண்ணை மூடிக்கொண்டான்.

“அத்தான், அது பல்பொடி இல்ல” என்றான் செந்தூர்பாண்டி.

செந்தூர்பாண்டி அவன் மனைவியின் தம்பி. காட்டன் ரோட்டில் இரும்புச் சாமானும் பெயின்டும் விற்கிறவன். பட்டாளம் கழித்துப்போட்ட சாமான்களின் ஏலத்தில், உள்ளே என்ன இருக்கிறதென்று பார்க்காமல் ஒரு பெட்டியை எடுத்திருந்தான். திறந்தால் கரன்டில் சுற்றுகிற பாலிஷ் மெஷின். அதன் முகத்தில் மாட்டுவதற்கு ஒரு கெட்டியான கம்பளி வட்டு, ஆட்டுரோமத் தொப்பி ஒன்று, மெல்லிய துணித் தொப்பி ஒன்று. கூடவே மூன்று டப்பா பசை. டப்பாக்களின் மேல் ஒட்டியிருந்த தாள்கள் ஈரத்தில் உரிந்து போயிருந்தன. எதை எதோடு சேர்ப்பது என்று ஊரில் யாருக்கும் தெரியாது. மெஷினை ஒருவரும் அதற்குமுன் பார்த்ததில்லை.

“சும்மா கெட மாப்ள. மணல் இருக்கான்னு பாக்கேன்.”

“இருக்கா?”

“இருக்கு. முள்ளக்காட்டு மணலு இதுகிட்டத் தோத்துரும்.” துப்பினான். அடுத்த டப்பாவைத் தொட்டான். “இது அரிசி மாவு.” அதற்கடுத்தது. “இதுல ஒண்ணுமேயில்ல. மெழுகு.”

“மூணையும் தின்னு முடிச்சா கார் மின்னுமா, பல்லு மின்னுமா?”

விரலை ஏமாற்றுகிற சொரசொரப்பு பல்லை ஏமாற்றாது. முத்து பார்க்கிறவர்களுக்கு இது தெரியும். வட்டையும் தொப்பிகளையும் காசிலிங்கம் கன்னத்தில் வைத்துப் பார்த்தான். அதற்குச் செந்தூர்பாண்டி சொன்னதை இங்கே எழுத வேண்டாம்.

சலாபம்* நடந்து வருஷங்கள் ஆகிவிட்டன. கத்திக்கு வேலை இல்லை. காசிலிங்கமும் சண்முகவடிவும் செந்தூர்பாண்டியின் வீட்டுப் பின்கட்டில் இருந்தார்கள். கடையில் உட்கார்ந்து ஆணி நிறுத்துக் கொடுங்கள் என்று செந்தூர்பாண்டி பலமுறை சொல்லிவிட்டான். நல்ல மனதோடுதான் சொன்னான். அதுதான் காசிலிங்கத்துக்குத் தாங்கவில்லை.

“ஒரு கார் பிடிச்சுக் குடு. மெஷின் பிடிபட்டா கடைக்குப் பின்னால இருக்க கொட்டகையில தனியா தொழில் வச்சிக்கிடுதேன். பிடிபடலன்னா தராசப் பிடிக்கேன்.”

“ஆணி நிறுக்கிறது ஒண்ணும் கேவலமில்ல” என்றாள் சண்முகவடிவு.

“கேவலம்னு சொன்னேனா?”

“வாய் சொல்லல. மூஞ்சி சொல்லுதே.”

கதையில் பணயம் இவ்வளவுதான்: கொட்டகையா, தராசா. இதைவிடப் பெரிதாக்கச் சொல்லி என் பேனா கேட்டது. மறுத்துவிட்டேன்.

* அரசாங்கம் அனுமதி கொடுத்து, கடலில் மூழ்கி முத்துச்சிப்பி எடுக்கும் பருவம். அந்த வருஷங்களில் தூத்துக்குடியில் அது இல்லை. அடிக்குறிப்பிலும் இதற்குமேல் முத்துக்கு இடம் கிடையாது.

4

காசிலிங்கத்தின்மேல் எனக்கு ஒரு சந்தேகம் வந்தது. புதிதாகத் தொழிலுக்கு வருகிறவன் கொஞ்சமாவது நடுங்க வேண்டாமா? ‘மெஷினைத் தூக்கியபோது அவன் கை’ என்று ஒரு வாக்கியம் தொடங்கினேன். முடிக்க முடியவில்லை. அந்தக் கை நடுங்க மறுத்தது. மெஷின்தான் அவனுக்குப் புதிது, கை பழையது.

ஆகவே அவன் தப்பை நிமிர்ந்து நின்றே செய்தான்.

5

கடைக்குப் பின்னால் ஒரு பழைய மட்கார்டு கிடந்தது. மங்கிய கறுப்பு. காசிலிங்கம் அதைச் சுவரில் சாய்த்து, மெஷினில் கெட்டி வட்டை மாட்டி, மணல் பசையை அள்ளி அப்பினான்.

“எடுத்த எடுப்புலயே அதா?” என்றான் செந்தூர்பாண்டி.

“மேல்தோல அரைகுறையா விடக்கூடாது மாப்ள. எடுத்தா சுத்தமா எடுக்கணும். அப்பந்தான் அடுத்த தோலு முழுசா வரும்.”

முத்துக்கு அது சரி. அரைகுறையாக உரித்த முத்து எந்தத் தோலுக்கும் சேராது. காசிலிங்கம் மெஷினை அழுத்தினான். மங்கல் போனது. கறுப்பு போனது. சிவப்பு வந்தது.

“அத்தான், போதும்.”

“பொறு. இது நடுத்தோலு.”

சிவப்பும் போனது. வெள்ளையாக ஏதோ மின்னிற்று. காசிலிங்கம் மெஷினை நிறுத்தி, குனிந்து, நகத்தால் சுண்டினான். டிங் என்றது.

“ரெண்டாந் தோலு வந்துட்டு” என்றான் செந்தூர்பாண்டி. “தகரம். நல்ல சாதித் தகரம்.”

சண்முகவடிவு பின்கட்டு வாசலில் நின்று சிரித்தாள். காசிலிங்கமும் சிரித்திருக்கலாம். அவன் மட்கார்டைத்தான் பார்த்துக்கொண்டிருந்தான்.

“அந்தச் செவப்பு என்னது?”

“பிரைமரு. பெயின்டு பிடிக்கதுக்கு அடியில அடிக்கது. பெயின்டு விக்கிறவன்கிட்ட முன்னாலயே கேட்டிருக்கலாமில்லா?”

“அப்ப காருக்கு ஒரே தோலுதானா?”

“ஒண்ணே ஒண்ணு.”

மட்கார்டின் தேய்க்காத பக்கத்தைக் காசிலிங்கம் திருப்பிவைத்தான். இப்போது ஆட்டுரோமத் தொப்பி. அரிசிமாவுப் பசை, கடலையளவு. மெஷினின் கனத்தை மட்டும் அதன்மேல் விட்டான். கறுப்பு குறையவில்லை, தெளிந்தது. துணித் தொப்பியில் மெழுகைத் தொட்டு ஒருமுறை ஓட்டினான். செந்தூர்பாண்டியின் மீசை அதில் தெரிந்தது. அவன் மீசையை ஒதுக்கிக்கொண்டான்.

“மாப்ள, எல்லாத்துலயும் மெதுவானதுல தொடங்கணும். பத்தலன்னாத்தான் அடுத்தது.”

(இந்த வாக்கியத்தை நான் எழுத்துக்கும் பொருத்திப் பார்த்து ஒரு பத்தி எழுதியிருந்தேன். நன்றாகவே இருந்தது. எடுத்துவிட்டேன்.)

6

கார் வந்தது. உப்பள முதலாளி வன்னியபெருமாளுடையது. யுத்தத்தில் பெட்ரோல் கிடைக்காமல் உப்பளத்தை ஒட்டிய கொட்டகையிலேயே வருஷக்கணக்கில் நின்ற கறுப்புக் கார். மேலே சாம்பல் பூத்திருந்தது. காசிலிங்கம் நக்கிப் பார்த்தான். உப்பு.

“ஏளா, நல்ல தண்ணி வேணும்” என்றான் சண்முகவடிவிடம்.

“எதுக்கு?”

“காரு குளிக்க.”

“உப்புத் தண்ணியில நான் குளிக்கேன். உங்க காருக்கு நல்ல தண்ணியா?”

“கழுவாம தேய்ச்சா உப்பே மணலாட்டம் கீறிரும். இந்தக் கெணத்துத் தண்ணியில கழுவினா காய்ஞ்சதும் மறுபடி உப்பு.”

“அப்ப அவளையே கட்டிக்கிடுங்க” என்று சொல்லிவிட்டுக் குடத்தை எடுத்தாள்.

கழுவினார்கள், துடைத்தார்கள். பிறகு மாவுப் பசை, ஆட்டுரோமம். பிறகு மெழுகு, துணி. கதவு, மட்கார்டு, கூரை, கடைசியாக பானெட். மதியத்துக்குப்பின் கார் கடைக் கொட்டகைக்குள் நின்றது, கறுப்பு முத்துப்போ—

(உவமையை இங்கே வெட்டினேன். காரில் கூரையின் ஓலை தெரிந்தது, ஓலை இடுக்கில் வெயில் தெரிந்தது. போதும்.)

வன்னியபெருமாள் வந்து ஒரு சுற்று சுற்றினார். ஒன்றும் பேசவில்லை. அது அவருடைய பாராட்டு என்று செந்தூர்பாண்டி கண்ணைக் காட்டினான். பானெட்டுக்கு வந்ததும் நின்றார்.

“இது என்னவே?”

பானெட்டின் நடுவில் ஒரு கீறல். ஒரு சாண் நீளம்.

“முன்னாடி இல்லையே.”

“இருந்தது அண்ணாச்சி” என்றான் காசிலிங்கம். “மங்கல்ல தெரியல. மின்னவும் தெரியுது.”

“அப்ப நீ மினுக்கி என் வண்டியில கீறலக் காட்டிக் குடுத்திருக்க. எடுத்துரு.”

காசிலிங்கம் நகத்தைக் கீறலின் குறுக்கே இழுத்தான். நகம் சிக்கிற்று. மாவுப் பசைக்கு இது போகாது. மணல் டப்பாவைத் திறக்க வேண்டும். கறுப்பு எவ்வளவு கனம் இருக்கிறது என்று யாருக்கும் தெரியாது. கீறல் மறையும்வரை கறுப்பு இருக்கலாம். அதற்குமுன் சிவப்பு வந்துவிடலாம். தேய்க்காமல் தெரியாது.

கத்தி பிடித்த காலத்தில் அவனுக்கு ஒரு வழக்கம் உண்டு. உரிக்குமுன் முத்தைச் சொந்தக்காரன் கையில் கொடுப்பான். அவன் பார்த்து, வாயைத் திறந்து, ‘உரி’ என்று சொல்ல வேண்டும். தலையாட்டினால் செல்லாது. சொன்னபின் வருவது சொந்தக்காரன் பாடு. அந்த ஒரு சொல் இல்லாமல் காசிலிங்கம் எந்த முத்திலும் கத்தி வைத்ததில்லை.

“கீறல் ஆழம் அண்ணாச்சி. எடுத்தா எடுபடலாம். அடியில செவப்பும் தெரிஞ்சிரலாம். தேய்க்கச் சொல்லுதியளா?”

“என்கிட்ட ஏன் கேக்க? மெஷின் உன் கையில இருக்கு.”

“வண்டி உங்களது. நீங்க ஒரு வார்த்த சொன்னா—”

“செவப்பு தெரிஞ்சா நீ பதில் சொல்லு. கீறல் நின்னா அதுக்கும் நீதான். வார்த்தய என் வாயில இருந்து பிடுங்காத.” அங்கே கிடந்த பெயின்ட் பெட்டியில் உட்கார்ந்தார். “இருக்கேன். செய்.”

“அத்தான், விட்டுருங்க” என்று செந்தூர்பாண்டி தாழ்ந்த குரலில் சொன்னான். “மிச்சம் எல்லாம் நல்லாருக்கு. கீறலு அவரு உப்பளத்துக் கொட்டகையில விழுந்தது. ஒரு தொழிலு போனா கடை இல்லாமயா போச்சு?”

7

முடிவுகள். மூன்றும் எழுதியவை.

ஒன்று: கீறல் மறைகிறது. முதலாளி எழுந்து தோளைத் தட்டுகிறார். காட்டன் ரோட்டில் கார்கள் வரிசையில் — இதைப் படித்து யாரும் சந்தோஷப்படலாம். நான் படவில்லை.

இரண்டு: பானெட் நடுவில் சிவப்பு, குங்குமப் பொட்டளவு. மறுநாள் கடையில் தராசு. — துக்கமான முடிவு எழுதுவது சுலபம். எழுதிய பத்தே நிமிஷத்தில் எனக்கு என்மேல் மதிப்பு கூடியது. அடித்தேன்.

மூன்று: மெஷினைக் கீழே வைத்து, ‘கீறல் இருந்துட்டுப் போட்டும் அண்ணாச்சி’ என்கிறான். — மூன்றில் எனக்குப் பிடித்தது இதுதான். அவனை ஞானியாக்கிவிடுகிறது. காசிலிங்கம் ஞானி இல்லை. அவனுக்கு வேண்டியது கொட்டகை.

8

எனக்கு நிச்சயமாகத் தெரிந்ததை மட்டும் எழுதுகிறேன்.

காசிலிங்கம் மணல் டப்பாவைத் திறந்தான். கெட்டி வட்டை எடுக்கவில்லை. ஆட்டுரோமத் தொப்பியில் பழைய பசை போகும்படி சீப்பால் வாரினான். அதன்மேல் மணல் பசை, மிளகளவு. கொடூரமான பசை, சாதுவான தொப்பி. இந்தச் சேர்க்கையை அவன் இதுவரை முயன்றதில்லை. பெட்டியிலும் யாரும் எழுதி வைத்திருக்கவில்லை.

மெஷினைத் தூக்கினான். பானெட்டின்மேல் கொண்டுவந்தான். நின்றான்.

“என்ன யோசன?” என்றார் வன்னியபெருமாள்.

“வார்த்தைக்கு நிக்கேன்.”

“நான் சொல்லமாட்டேன்னு சொல்லிட்டேனே.”

“உங்க வார்த்தைக்கு இல்ல.”

செந்தூர்பாண்டி வாயைத் திறந்தான். சண்முகவடிவு, “ஏலே, நீ சும்மா இரு” என்றாள்.

“தேய்” என்றான் காசிலிங்கம். சத்தமாகத்தான் சொன்னான், எதிரே நிற்கிற ஆளுக்குச் சொல்வதுபோல. “நானே சொல்லுதேன் அண்ணாச்சி. கறுப்பு வந்தாலும் செவப்பு வந்தாலும் காசிலிங்கம் பண்ணினதுன்னு சொல்லுங்க. கடைக்காரன் மச்சான் பண்ணினதுன்னு சொல்லிராதிய.”

ஸ்விட்சைத் தட்டினான். மெஷின் இரைந்தது. ரோமத் தொப்பி கீறலின்மேல் இறங்கியது.

இந்த இடத்தில் நான் விலகிக்கொள்கிறேன். கறுப்பா, சிவப்பா என்று நீங்கள்தான் சொல்ல வேண்டும். கதையை எழுதியவன் இன்னதை நினைத்திருப்பான் என்று என்னை இழுக்காதீர்கள். நான் வார்த்தை தரமாட்டேன். உங்கள் பெயரில் சொல்லுங்கள்.

மெஷின் இப்போது உங்கள் கையில் ஓடிக்கொண்டிருக்கிறது. ஒரே இடத்தில் நின்றால் பெயின்ட் கருகிவிடும். யோசிப்பதாக இருந்தால், கையை நகர்த்திக்கொண்டே யோசியுங்கள்.